உளவியல் களப்பயிற்சியில் தொழில்நெறி

உளவியல் களப்பயிற்சியில் தொழில்நெறி என்பது, உளவியல் பயிலும் மாணவர்கள் மருத்துவமனை, பள்ளி, மறுவாழ்வு இல்லம், ஆலோசனை மையம் முதலிய இடங்களில் பயிற்சி பெறும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்க நெறிகளையும், அந்நெறிகளுக்கு அவர்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் முறைகளையும் குறிக்கும். களப்பயிற்சியில் கற்பதன் பயன் பெரும்பாலும் மாணவரைச் சேர்கின்றது. பிழை நேர்ந்தால் அதன் சுமை உதவி நாடி வந்தவர் மீது விழுகின்றது. இந்த ஏற்றத்தாழ்வே களப்பயிற்சி நெறிகள் அனைத்திற்கும் அடிப்படையாகும். அச்சுமையை நாடி வந்தவரின் தோளிலிருந்து இறக்கி, மாணவர், மேற்பார்வையாளர், கல்லூரி ஆகியோர் பகிர்ந்து ஏற்கச் செய்வதே இந்நெறிகளின் நோக்கம் எனலாம்.

இக்கட்டுரை இந்நெறிகளைப் பொதுவாகவும், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையும் அதிலுள்ள வையம்பட்டி போன்ற சிற்றூர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டும் விளக்குகின்றது.

களப்பயிற்சியின் இயல்பு

வகுப்பறையில் மனச்சோர்வு என்பது ஒரு பாடத் தலைப்பு. களத்தில் அது மூன்று வாரமாக உறங்காத ஒரு தாயாகவோ, பள்ளிக்குச் செல்ல மறுக்கும் ஒரு சிறுவனாகவோ வந்து அமர்கின்றது. பாடத்தில் தவறான விடை எழுதினால் மதிப்பெண் குறையும். களத்தில் தவறாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் ஒருவர் சிகிச்சையைக் கைவிடக் காரணமாகலாம்.

களப்பயிற்சி பொதுவாக மூன்று நிலைகளாக அமையும். முதலில் மாணவர் பிறர் செய்வதை உற்றுநோக்குகின்றார். அடுத்து, மேற்பார்வையாளர் உடனிருக்க நோய்வரலாறு கேட்டல், உளச்சோதனை நடத்தல் போன்ற பணிகளைச் செய்கின்றார். இறுதியாக, மேற்பார்வையாளரின் பொறுப்பின்கீழ் சில பணிகளைத் தாமே மேற்கொள்கின்றார். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்வது நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டன்றி, மாணவர் காட்டும் திறனைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

வரலாற்றுப் பின்னணி

உளவியலாளர்களுக்கான எழுதப்பட்ட நெறித்தொகுப்புகளில் முன்னோடியானது அமெரிக்க உளவியல் கழகம் 1953 ஆம் ஆண்டு வெளியிட்டதாகும். பல திருத்தங்களுக்குப் பின் 2002 ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட தொகுப்பு, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மேலும் திருத்தப்பட்டது. நன்மை செய்தலும் தீங்கு தவிர்த்தலும், நம்பகமும் பொறுப்பும், நேர்மை, நீதி, மக்களின் உரிமைக்கும் மாண்புக்கும் மதிப்பளித்தல் என ஐந்து பொதுக் கொள்கைகளை அது வகுக்கின்றது. பயிற்சியில் இருப்பவர் சிகிச்சை அளிக்க, சட்டப் பொறுப்பு மேற்பார்வையாளரிடம் இருக்குமானால், அச்செய்தியையும் மேற்பார்வையாளரின் பெயரையும் நாடி வந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அத்தொகுப்பின் விதிகளுள் ஒன்று. 2008 ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பன்னாட்டு உளவியல் அமைப்புகள், உளவியலாளர்களுக்கான அறநெறிக் கொள்கைகளின் உலகளாவிய சாற்றுரையை ஏற்றன.

இந்தியாவில் 1916 ஆம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையாகத் தொடங்கியது. மருத்துவமனையில் தங்கிப் பயிலும் முறையான மருத்துவ உளவியல் கல்வி, பெங்களூரில் 1954 இல் நிறுவப்பட்டுப் பின்னாளில் நிம்கான்சு என அறியப்பட்ட நிறுவனத்தில் 1950களில் தொடங்கியது. 1992 ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஏனைய உளவியலாளர்கள் நீண்ட காலம் எந்தப் பதிவு முறைக்கும் உட்படாமல் இருந்தனர். துணைநல மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021, மறுவாழ்வு மன்றத்தின்கீழ் வராத உளவியலாளர்களைத் தன் வரம்பினுள் சேர்த்தது. இதன் தொடர்ச்சியாக, 2025 ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு, இச்சட்டத்தின்கீழ் வரும் உளவியல் உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியாகவும் இணையவழியாகவும் நடத்துவதை நிறுத்துமாறு உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நேரடிப் பயிற்சிக்கு அளிக்கப்படும் முக்கியத்துவத்தை இது காட்டுகின்றது.

திருச்சிராப்பள்ளியும் மாவட்ட மனநலத் திட்டமும்

இந்திய அரசு 1982 ஆம் ஆண்டு தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய மனநல மருத்துவமனைகளுக்கு வெளியே, மாவட்ட அளவில் சிகிச்சை கிடைக்கச் செய்வது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்கான்சு நடத்திய முன்னோட்டத்தைப் பின்பற்றி, 1996–97 ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அவை ஆந்திரத்தின் மேடக், அசாமின் நகாவ், இராசசுத்தானின் சீகர், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி என்பனவாகும். அவ்வகையில் நாட்டின் முதல் நான்கு மாவட்டங்களுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளி அமைந்தது.

இத்திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவருடன் மருத்துவ உளவியலாளர், உளமருத்துவச் சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோரும் இடம்பெறுவர். மக்கள் நகருக்கு வருவதற்குப் பதிலாகக் குழு மக்களிடம் செல்ல வேண்டும் என்பது இதன் உட்கருத்து. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் பயிலும் மாணவர் ஒருவர், நகரின் பெரிய மருத்துவமனையில் ஒரு நாளும், சிற்றூரின் சுகாதார நிலைய முகாமில் மறுநாளும் பயிற்சி பெறும் சூழல் இவ்வகையான திட்டங்களால் உருவாகின்றது. இவ்விரு இடங்களும் தொழில்நெறி நோக்கில் ஒன்றல்ல என்பது கீழே விளக்கப்படுகின்றது.

மனநலப் பராமரிப்பில் நெறி தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடு அறிந்த கொடிய சான்று ஏர்வாடி தீவிபத்தாகும். 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநல இல்லம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி இறந்தனர். உயிரிழந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்விடங்களுக்கு நாள்தோறும் பலர் வந்து சென்றனர். சங்கிலிகள் எவர் கண்ணுக்கும் மறைவாக இருக்கவில்லை. வழக்கமாகிவிட்ட தீங்கைத் தீங்கெனக் காணப் பழகுதல் தொழில்நெறிக் கல்வியின் முதற்பாடம் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

சட்ட அடிப்படை

களப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான சட்டம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஆகும். இது 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் மாணவரின் அன்றாடப் பணியோடு நேரடித் தொடர்புடையவை.

பிரிவு 20: மனநோயுள்ளவர் மாண்புடன் வாழவும், கொடுமையான, இழிவான நடத்தையிலிருந்து காக்கப்படவும் உரிமையுடையவர்.

பிரிவு 23: சிகிச்சையின்போது பெறப்படும் தகவல்களை இரகசியமாகக் காப்பது நலத்துறைப் பணியாளரின் கடமை. உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுத்தல், பிறரைத் தீங்கிலிருந்து காத்தல், சிகிச்சையில் பங்குகொள்ளும் பிற பணியாளருக்குத் தெரிவித்தல், நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

பிரிவு 24: மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் ஒளிப்படத்தையோ பிற தகவலையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தரலாகாது. மின்னணு வடிவில் சேமிக்கப்பட்ட தகவலுக்கும் இவ்வுரிமை பொருந்தும்.

பிரிவு 95: சங்கிலியால் பிணைத்தல் எவ்வகையிலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை.

மாணவர் தாமே நலத்துறைப் பணியாளர் அல்லர் எனினும், அத்தகையவரின் பொறுப்பின்கீழ் இயங்குவதால் இக்கடமைகள் தமக்கும் உரியன என்று கொண்டே அவர் நடக்க வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 மற்றொரு முக்கியச் சட்டமாகும். போக்சோ எனப்படும் இச்சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்கத் தவறுதல் 21 ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. பள்ளியில் பயிற்சி பெறும் மாணவரிடம் ஒரு சிறுமி "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று தொடங்கினால், அந்த உறுதியை அவர் அளிக்க இயலாது. இதனை உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்டு முடித்த பின் சொல்வது அச்சிறுமியை ஏமாற்றுவதாகவே முடியும்.

அடிப்படை நெறிகள்

தன்னை மாணவர் என அறிவித்தல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வெள்ளை மேலங்கி அணிந்தவர் எவராயினும் "டாக்டர்" என்றே அழைக்கப்படுகின்றார். மாணவர் இதைத் திருத்தாமல் விடுவது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவர் என்று நம்பி ஒருவர் சொல்லும் செய்தி, மாணவர் என்று அறிந்திருந்தால் சொல்லியிராத செய்தியாக இருக்கக்கூடும். "நான் உளவியல் படிக்கும் மாணவி. இங்குள்ள உளவியலாளரின் மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் இதற்குப் போதுமானவை. எவரேனும் மீண்டும் "டாக்டரம்மா" என்றழைத்தால் மீண்டும் பணிவுடன் திருத்த வேண்டும்.

அறிந்தளிக்கும் ஒப்புதல்

ஒப்புதல் என்பது தாளில் பெறப்படும் கையொப்பம் மட்டுமன்று. என்ன செய்யப்படுகின்றது, எதற்காகச் செய்யப்படுகின்றது, யார் இத்தகவலைக் காண்பர், மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை நாடி வந்தவர் புரிந்துகொண்டு இசைவதே ஒப்புதல் ஆகும். இவற்றுள் இறுதிக் கேள்வி மிக இன்றியமையாதது. அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை பெறும் ஒருவர், மாணவரை மறுத்தால் சிகிச்சையே நின்றுவிடும் என்று அஞ்சக்கூடும். மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்று வெளிப்படையாகச் சொல்லப்படாத வரை அவரது இசைவு முழுமையான ஒப்புதல் ஆகாது. சிறுவர்களிடம் பெற்றோரின் ஒப்புதலுடன், சிறுவரின் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

இரகசியம் காத்தலும் அதன் எல்லையும்

இரகசியம் காத்தலின் எல்லை குறித்து உலகெங்கும் பாடமாகப் பயிலப்படும் வழக்கு, ஐக்கிய அமெரிக்காவின் தராசாஃப் வழக்காகும். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரசன்சித் போதார் என்ற இந்திய மாணவர், ஒரு பெண்ணைக் கொல்ல எண்ணியுள்ளதாகத் தமக்குச் சிகிச்சை அளித்த உளவியலாளரிடம் தெரிவித்தார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலருக்கு அறிவித்தார். காவலர் போதாரைப் பிடித்து விசாரித்து விடுவித்தனர். ஆபத்திலிருந்த தாத்தியானா தராசாஃபுக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ எவரும் தெரிவிக்கவில்லை. 1969 அக்டோபர் 27 அன்று அவர் கொல்லப்பட்டார். 1976 ஆம் ஆண்டு கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகக் கூடியவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பிரிவு 23 இன் விலக்குகள் இதே சிக்கலையே கருத்திற் கொண்டவை. மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று: தற்கொலை எண்ணம், பிறரைத் தாக்கும் எண்ணம், குழந்தைக்கு நேரும் தீங்கு ஆகிய மூன்றையும் கேள்வியுற்றால் அன்றே, அவ்விடத்தை விட்டு நீங்குமுன், மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். அவரை அடைய இயலாவிட்டால் அடுத்த பொறுப்பாளர் யார் என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆபத்து உண்மையானதா என்று தனியே எடைபோடும் பொறுப்பு மாணவருக்கு உரியதன்று.

தகுதி எல்லை

"எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்பது களப்பயிற்சியில் மாணவர் பயில வேண்டிய தொடர்களுள் முதன்மையானது. மருந்தின் அளவைப் பற்றியோ, மருந்தை நிறுத்தலாமா என்பதைப் பற்றியோ கருத்துக் கூறுதல், நோயின் பெயரைத் தாமே அறிவித்தல், நூலிற் படித்த சிகிச்சை முறையை அனுமதியின்றி முயன்று பார்த்தல் ஆகியன தகுதி எல்லையை மீறும் செயல்கள். உறவினரும் நண்பரும் வீட்டில் ஆலோசனை கேட்கும்போதும் இவ்வெல்லை பொருந்தும்.

உளச்சோதனைகள்

பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை, வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் போன்றவை இந்தியாவில் அறிவுத்திறன் குறைபாட்டை மதிப்பிடப் பயன்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்றளிக்கப்பட்டவர் பல உரிமைகளுக்குத் தகுதி பெறுகின்றார். எனவே சோதனை மதிப்பெண் ஏட்டளவில் நின்றுவிடும் எண் அன்று. அவசரமாகவோ, குழந்தைக்குப் பழக்கமில்லாத சொற்களிலோ, பேருந்துப் பயணத்தால் களைத்த வேளையிலோ நடத்தப்படும் சோதனை, ஒரு குழந்தைக்கு உரிய உதவியை இழக்கச் செய்யலாம். அல்லது பொருந்தாத ஒரு பெயரை வாழ்நாள் முழுதும் சுமக்கச் செய்யலாம். விடுபட்ட வினாவை ஊகித்து நிரப்புவது பொய்ச்சான்றுக்கு ஒப்பாகும். சோதனைத் தாள்களை நகலெடுத்துப் பரப்புவதும் நெறிக்கு மாறானது. வினாக்களை முன்பே அறிந்தவரிடம் அச்சோதனை பயனற்றுப் போகும்.

பதிவேடும் அறிக்கையும்

மாணவர் சமர்ப்பிக்கும் நேர்வு அறிக்கையில் பெயரை நீக்குவது மட்டும் போதாது. ஊர், தொழில், குடும்ப அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிற்றூரில் ஒருவரை எளிதில் அடையாளம் காணலாம். எனவே கற்றலுக்குத் தேவையற்ற விவரங்களை விடுத்தல் வேண்டும். கைபேசியில் நேர்வுக் குறிப்புகளைப் படமெடுத்தல், வகுப்பு வாட்சப் குழுவில் பகிர்தல், மருத்துவமனைப் பின்னணியில் எடுத்த தற்படத்தை வெளியிடுதல் ஆகியன தவிர்க்கப்பட வேண்டும். பயிற்சி நேரக் கணக்கேட்டில் செல்லாத நாளுக்குக் கையொப்பமிடுவதும் தொழில்நெறி மீறலே. அக்கணக்கை நம்பியே எதிர்காலத்தில் நோயாளிகள் அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர்.

சிற்றூர்ச் சூழலில் எழும் சிக்கல்கள்

வையம்பட்டி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மணப்பாறைக்கு அப்பால் அமைந்த ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாகும். இத்தகைய ஊர்களில் பயிற்சி பெறும் மாணவர் எதிர்கொள்ளக் கூடிய சூழல்கள், பெருநகரங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட நெறித்தொகுப்புகளில் போதிய இடம் பெறுவதில்லை. பின்வருவன விளக்கத்திற்காகக் கூறப்படும் பொதுவான சூழல்கள் ஆகும்.

முதலாவது, அறிமுகம். நகரில் நாடி வந்தவரை மறுமுறை தெருவில் காணும் வாய்ப்புக் குறைவு. சிற்றூரில் அதே பேருந்தில், அதே சந்தையில், அதே கோயில் திருவிழாவில் காண நேரும். மாணவர் முதலில் வணங்கி நலம் கேட்டால், உடனிருப்பவர் "இவரை எப்படித் தெரியும்?" என்று வினவுவார். ஆகவே, வெளியில் காண நேர்ந்தால் அவர் பேசினாலன்றித் தாம் பேசப் போவதில்லை என்றும், அதனை அவமதிப்பாகக் கருத வேண்டாம் என்றும் முன்பே சொல்லிவைப்பது நன்று.

இரண்டாவது, உறவும் சாதியும். "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி பெரும்பாலும் அன்பினால் கேட்கப்படுவது. ஆனால் அதன் விடை சாதியையும் உறவுமுறையையும் வெளிப்படுத்தி, நாடி வந்தவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதை மாற்றிவிடும். ஊரின் பெயரை மறைக்க வேண்டியதில்லை. பேச்சை மீண்டும் வந்தவரின் நலத்திற்குத் திருப்பினால் போதும். வந்தவர் மாணவரின் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ இருப்பின் அந்நேர்வை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும். இது இரட்டை உறவைத் தவிர்த்தல் எனப்படும்.

மூன்றாவது, திருமண விசாரணை. மணம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். "அந்த வீட்டுப் பெண் உங்கள் முகாமுக்கு வந்ததுண்டா?" என்று மாணவரிடம் கேட்கப்படலாம். "வந்தார்" என்பது இரகசியத்தை மீறும். "வரவில்லை" என்பது, உண்மையாகவே இருப்பினும், அடுத்த முறை மௌனம் காக்கும்போது அம்மௌனத்தையே விடையாக்கிவிடும். எனவே "யார் வந்தார், யார் வரவில்லை என்று எவரைப் பற்றியும் நாங்கள் சொல்வதில்லை" என்று எல்லாருக்கும் ஒரே விடை அளிப்பதே முறையாகும். ஒரு பெண்ணின் வாழ்வு அவ்விடையில் தங்கியிருக்கக்கூடும்.

நான்காவது, குடும்பம். நோயாளியுடன் தாயோ, கணவரோ, மாமியாரோ வந்து அமர்வது வழக்கம். பராமரிப்பவரும் அவர்களே என்பதால் அவர்களை விலக்குவது எப்போதும் நன்மை தராது. எனினும் ஒவ்வொருவரிடமும் சிறிது நேரமேனும் தனியே பேசுவதை எல்லாருக்கும் பொதுவான நடைமுறையாக முன்வைத்தால், குடும்ப வன்முறை போன்றவை வெளிப்பட இடம் கிடைக்கும். குறிப்பிட்ட ஒருவரை ஐயுறுவதாகவும் தோன்றாது.

ஐந்தாவது, அன்பளிப்பு. நன்றியாகக் கொண்டுவரப்படும் முருங்கைக்கீரையையோ மணப்பாறை முறுக்கையோ கடுமையாக மறுப்பது கொடுப்பவரைப் புண்படுத்தும். பணமும் விலையுயர்ந்த பொருளும் பெறலாகாது. சிறு உணவுப் பொருளாயின் மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, அனைவரும் பகிர்ந்துண்ண வைப்பது ஒரு வழி. கைபேசி எண்ணைப் பகிர்தல், வீட்டு விருந்துக்குச் செல்லுதல், கடன் கொடுக்கல் வாங்கல், காதல் உறவு ஆகியவற்றிற்கு இத்தகைய நெகிழ்வு கிடையாது.

நம்பிக்கைசார் வழிகளும் மாணவரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சேலம் செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில் அமைந்த குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில், மனநோய் தீர வேண்டி மக்கள் 48 நாட்கள் தங்கி வழிபடும் தலமாக அறியப்படுகின்றது. இம்மாவட்டத்தில் பயிற்சி பெறும் மாணவர், அங்குத் தங்கிவிட்டு வந்தவர்களையோ, அங்குச் செல்லவிருப்பவர்களையோ சந்திப்பது இயல்பு.

நம்பிக்கையை இழித்துப் பேசுவதும், மருந்தை விடுத்து அங்கேயே செல்லுமாறு கூறுவதும் ஒருங்கே தவறாகும். தமிழ்நாட்டின் மற்றொரு கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, இரகுராம் முதலிய நிம்கான்சு ஆய்வாளர்கள் 2002 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அக்கோயிலில் சிறப்புச் சடங்குகள் நடத்தப்படவில்லை. அமைதியான, ஆதரவான இடத்தில் தங்கியதே பயனளித்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். அதே வேளையில் ஏர்வாடி நிகழ்வு, நம்பிக்கையின் பெயரால் நடத்தப்படும் இல்லங்களில் உரிமைகள் பறிபோகக் கூடும் என்பதைக் காட்டுகின்றது. ஆகவே மாணவர் கேட்டறிய வேண்டியவை: மருந்து தொடர்கின்றதா, உணவும் உறக்கமும் கிடைக்கின்றனவா, விருப்பப்படி வெளியேற முடிகின்றதா, கட்டிவைத்தல் நிகழ்கின்றதா என்பனவாகும். இறுதிக் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைப்பின் உடனே மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேற்பார்வை

மேற்பார்வை என்பது கணக்கேட்டில் வாரந்தோறும் இடப்படும் கையொப்பம் அன்று. மாணவர் செய்ததை விளக்கி, ஐயங்களைச் சொல்லி, அடுத்த படியைத் தீர்மானிக்கும் கலந்துரையாடலே மேற்பார்வையாகும். தவறை ஒப்புக்கொள்ளும் மாணவர் தண்டிக்கப்படும் இடத்தில் தவறுகள் குறைவதில்லை, மறைக்கப்படுகின்றன. அதன் விளைவை அனுபவிப்பவர் நோயாளியே. எனவே பிழையை உடனே தெரிவிப்பதை நற்பண்பாக மதிப்பிடுவது மேற்பார்வையாளரின் கடமையாகும்.

மாணவருக்கும் உரிமைகள் உண்டு. ஆயத்தமற்ற பணியை மறுக்கவும், பாதுகாப்பான இடத்தில் பணிபுரியவும், மேற்பார்வையாளரின் தகாத நடத்தை குறித்துக் கல்லூரியில் முறையிடவும் அவருக்கு வழி இருத்தல் வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம், 2013 இன்படி அமைக்கப்படும் உட்புகார்க் குழு இதற்கு ஒரு வழியாகும். துயரக் கதைகளைத் தொடர்ந்து கேட்பதால் உறக்கமின்மையும் மனச்சோர்வும் ஏற்படுவதுண்டு. இதனை மேற்பார்வையில் பேசுவது பலவீனம் ஆகாது.

முன்னாயத்த முறைகள்

நெறித்தொகுப்பை வாசித்துக் கையொப்பமிடுவதால் மட்டும் மாணவர் ஆயத்தமாவதில்லை. களத்திற்குச் செல்லுமுன் பின்வருவனவற்றைச் செய்வது பயனுடையது.

1. மாணவர், கல்லூரி, பயிற்சி நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிடும் உடன்படிக்கை. மாணவர் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது, மேற்பார்வையாளர் யார் என்பன அதில் இடம்பெற வேண்டும்.

2. தமிழில் ஒத்திகை. அறிமுகம், ஒப்புதல், இரகசியத்தின் எல்லை ஆகியவற்றை மணப்பாறைச் சந்தைக்கு வருபவருக்கும் புரியும் எளிய தமிழில் சொல்லிப் பழகுதல். நெறித்தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், களத்தில் சொல் தேடித் தடுமாறும் மாணவர் ஒப்புதல் பெறுவதையே தவிர்த்துவிடும் ஆபத்து உண்டு.

3. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகவும் மென்மையாகவும் கேட்கும் பயிற்சி. அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டும் என்ற அச்சத்திற்கு ஆய்வுச் சான்று இல்லை.

4. அவசரத் தொடர்பு அட்டை. மேற்பார்வையாளர், மாற்றுப் பொறுப்பாளர் ஆகியோரின் எண்களுடன், 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியன அதில் இருத்தல் வேண்டும்.

5. சோதனைக் கருவிகளை வகுப்புத் தோழர்களிடம் பலமுறை நடத்திப் பழகுதல்.

6. விடை எளிதில் கிட்டாத நேர்வுகளைக் குழுவாக விவாதித்தல். மேலே கண்ட திருமண விசாரணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஐயம் எழும்போது முடிவெடுக்க எளிய வினா வரிசை ஒன்றும் கற்பிக்கப்படுகின்றது. இதனால் யாருக்குத் தீங்கு நேரலாம்? சட்டம் என்ன சொல்கின்றது? இது என் தகுதிக்கு உட்பட்டதா? மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயங்குகின்றேனா? தயங்கினால் ஏன்? இவற்றுள் நான்காவதற்கு "ஆம்" என்பது விடையானால், அச்செயலைச் செய்யாதிருப்பதே பெரும்பாலும் சரியாகும்.

விவாதங்கள்

களப்பயிற்சியின் அமைப்பு குறித்துப் பல குறைகள் சுட்டப்படுகின்றன. தகுதி பெற்ற உளவியலாளர்கள் குறைவாக உள்ள மாவட்டங்களில் ஒரு மேற்பார்வையாளரே பல மாணவர்களைக் கவனிக்க நேர்கின்றது. சில இடங்களில் மாணவர் ஊதியமற்ற பணியாளராகப் பயன்படுத்தப்படுகின்றார். சில இடங்களில் பார்வையாளராக மட்டும் அமர்த்தப்பட்டு ஒன்றும் கற்காமல் திரும்புகின்றார். இளநிலை மாணவர்கள் ஆலோசனை வழங்கலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் மாணவரின் செவிமடுத்தலும் உதவியே என்பது ஒரு சாரார் வாதம். ஏழைகளுக்கு மட்டும் பயிற்சி பெறாதவரின் சேவை என்பது நீதியாகாது என்பது மறு சாரார் வாதம்.

வேறொரு விவாதம் மேலைநாட்டு நெறிகளின் பொருத்தம் பற்றியது. தனிமனிதரின் தன்னுரிமையை மையமாகக் கொண்ட நெறிகள், குடும்பமே முடிவெடுக்கும் சமூகத்திற்கு அப்படியே பொருந்துமா என்று வினவப்படுகின்றது. ஆயினும் குடும்பம் முடிவெடுக்கும் இடங்களிலேயே, அம்முடிவுக்கு உட்படுபவரின் குரலைக் கேட்கத் தனி ஏற்பாடு தேவைப்படுகின்றது என்பதும் கருதத்தக்கது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு ஒரு நடுவழியைத் தருகின்றது. நோயுள்ளவர் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் தம் பிரதிநிதியாகத் தாமே நியமிக்கலாம். அவர் குடும்பத்தினராக இருக்கலாம். இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. களப்பயிற்சிக்கு வரும் மாணவர், தம்முன் அமர்ந்திருப்பவருக்கு இவ்வுரிமை இருப்பதை அறிந்து, அதனை அவருக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைக்க மேற்பார்வையாளருக்கு உதவ முடியும்.